பனி ஆந்தையின் படம்

ஆர்க்டிக்கின் இரைகொல்லிப் பறவைகளுள் ஒளிப்படக்காரர்கள் மிகவும் தேடிப்போவது பனி ஆந்தையைத்தான். மரங்களே இல்லாத தூந்திர வெளியில் அது தரையில் முட்டையிடும். அதுவும் சற்றே உயர்ந்த மேட்டில். அங்கிருந்து நாலாபுறமும் பார்வை தடையின்றிப் போகும். அதனால் ஆந்தையின் கண்ணுக்குத் தப்பிக் கூட்டை நெருங்க வழியில்லை.

அலாஸ்காவின் வடகோடியிலுள்ள உட்கியாக்விக் இந்தப் பறவைக்குப் பெயர்பெற்ற ஊர். மே இரண்டாம் வாரம் முதல் ஆகஸ்ட் தொடக்கம் வரை அங்கே சூரியன் மறைவதில்லை. நள்ளிரவில் அது அடிவானத்தை ஒட்டித் தாழும்போது விழும் சாய்ந்த பொன்னொளிதான் படத்துக்கு உகந்தது. ஆனால் எல்லா ஆண்டும் பறவை கிடைக்காது. லெம்மிங் என்னும் சிறு கொறிவிலங்கு பெருகிய ஆண்டில் பல கூடுகள் இருக்கும். அருகிய ஆண்டில் ஒன்றுகூட இல்லாமல் போகலாம். ஆய்வாளர் டென்வர் ஹோல்ட் 1992 முதல் இங்கு இந்த ஏற்ற இறக்கத்தைக் கணக்கெடுத்து வந்திருக்கிறார். படமெடுக்கப் போகிறவர் முதலில் விசாரிக்க வேண்டியது லெம்மிங் நிலவரத்தை.

வெண்பனியில் வெண்பறவையைக் கேமராவின் ஒளிமானி சாம்பல் நிறமாக்கிவிடும். ஒன்று முதல் இரண்டு ஸ்டாப் வரை ஒளியைக் கூட்டினால்தான் வெண்மை வெண்மையாக நிற்கும். குளிரில் பேட்டரி சீக்கிரம் சோர்ந்துபோகும். மாற்று பேட்டரி உள்சட்டைப் பையில் உடற்சூட்டோடு இருக்க வேண்டும். வெதுவெதுப்பான அறைக்குள் நுழையுமுன் கேமராவைப் பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டாவிட்டால், லென்ஸில் நீர் கோத்துக்கொள்ளும்.

இவையெல்லாம் பழகினால் வந்துவிடும். கூட்டருகே நடந்துகொள்ளும் முறைதான் கடினமானது. தாய் எழுந்துவிட்டால் முட்டை குளிர்ந்துவிடும். நரியும் ஸ்குவா பறவையும் அந்த நேரத்துக்காகவே காத்திருக்கும். குஞ்சுகள் ஏறக்குறைய மூன்று வாரத்தில், பறக்கக் கற்குமுன்பே, கூட்டைவிட்டு நடந்துபோய்ப் புல்லிடையே பதுங்கும். கவனமில்லாத காலடி அவற்றை நசுக்கிவிடும். ஆண் ஆந்தை தலைக்கு மேல் பாய்ந்து வந்தால் அது அருமையான காட்சி அல்ல. திரும்பிப் போக வேண்டும் என்பதற்கான அறிகுறி.

குளிர்காலத்தில் தெற்குக் கனடாவுக்கு வரும் ஆந்தைகளைச் சிலர் கடையில் வாங்கிய எலிகளை வீசி வரவழைக்கிறார்கள். சாலையோரத்தில் உணவுக்குப் பழகிய பறவை வண்டியில் அடிபட்டுச் சாகக்கூடும். இப்படி எடுத்த படத்தை இயற்கைச் சூழலில் எடுத்ததாகச் சொல்வது பொய். 2016 ஜனவரியில் மான்ட்ரியல் நெடுஞ்சாலையின் போக்குவரத்துக் கேமராவில், சிறகு விரித்த பனி ஆந்தை ஒன்று எலியும் இரையும் இல்லாமலேயே அழகாகப் பதிவானது.

2017-இல் சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் பனி ஆந்தையை அழிய வாய்ப்புள்ள இனங்களின் வரிசையில் சேர்த்தது. ஐஸ்லாந்தில் பனி ஆந்தை, கிர்ஃபால்கன் வல்லூறு, வெண்வால் கடற்கழுகு ஆகியவற்றின் கூட்டருகே படமெடுக்க அரசின் அனுமதி பெற வேண்டும்.