மலையில் பிறந்த நதியும் மங்கிய துறைமுகமும்

கள்ளக்குறிச்சிக்கு மேற்கேயுள்ள கல்வராயன் மலையில் பிறக்கும் கோமுகி நதி மணிமுத்தாற்றில் கலக்கின்றது. மணிமுத்தாறு வெள்ளாற்றில் சேருகின்றது. வெள்ளாறோ பரங்கிப்பேட்டையருகே கடலை அடைகின்றது. மலைக்கும் அத்துறைமுகத்துக்கும் உள்ள இவ்வுறவை நினைப்பவர் நம்மவருள் மிகச் சிலரே.

பரங்கிப்பேட்டையின் பெயர்களே ஒரு சரித்திரமாகும். போர்த்துகேசியர் ‘புதிய துறைமுகம்’ என்று பொருள்பட அதைப் போர்ட்டோ நோவோ என்றனர்; முகம்மதிய வர்த்தகர் மஹ்மூது பந்தர் என்றனர்; தமிழரோ பரங்கியரின் பேட்டை என்று சொல்லி அமைந்தனர். பின்னர் டச்சுக்காரரும் டேனியரும் ஆங்கிலேயரும் வந்து பண்டகசாலை வைத்தனர். 1781 ஜூலை 1-ஆம் தேதி ஹைதர் அலியின் பெருஞ்சேனையை ஸர் அயர் கூட் முறியடித்ததும் இவ்வூரின் அருகிலேயே. தென்னாட்டில் கும்பினியாரின் ஆதிக்கம் நிலைபெற்றதற்கு அன்றைய வெற்றியும் ஒரு காரணமென்பதை மறுப்பாரில்லை.

போரைக் காட்டிலும் நம் சிந்தனைக்குரியது இங்கே நடந்த இரும்புத் தொழில். கும்பினி உத்தியோகத்திலிருந்த ஜோசையா மார்ஷல் ஹீத் என்பவர், சேலத்து இரும்புத் தாதுவை மரக்கரி கொண்டு உருக்குவதற்காக 1830-இல் இவ்வூரில் உலைகளை நிறுவினார். இவ்விரும்பு இங்கிலாந்துக்கும் கப்பலேறிற்று. எஃகு செய்வதில் மாங்கனீசைப் பயன்படுத்தும் முறைக்கு அவர் 1839-இல் அங்கே பேடண்ட் பெற்றார். ஷெபீல்டு முதலாளிகளோ அம்முறையைச் சிறிது மாற்றிக் கையாண்டு, உரிமைப் பணம் கொடாமல் தப்பித்துக்கொண்டனர். வழக்கு 1855-இல் பிரபுக்கள் சபை வரை சென்று ஹீத்தின் தரப்புக்கு விரோதமாகவே முடிந்தது. அதற்கு முன்பே அவர் காலமானார். வக்கீல் தொழிலில் பழகிய நமக்கு அத்தீர்ப்பைப் படிக்கும்போதெல்லாம் ஒரு எண்ணம் தோன்றுவதுண்டு. தம் நாட்டவருக்கே நேர்ந்த கதி இதுவானால், தாது சுமந்த சேலத்துக் கூலியின் பங்கு எந்தக் கோர்ட்டில் கணக்கிடப்பட்டது? அவ்வுலைகளும் அந்நூற்றாண்டிலேயே அணைந்துபோயின.

இப்பொழுது பிரயாணிகள் திரள்வது ஊருக்குத் தெற்கேயுள்ள பிச்சாவரத்தில். ‘இதயக்கனி’ என்னும் படத்தால் 1975-இல் பிரசித்தி பெற்ற அக்கடற்காடு, 2022-இல் ராம்சார் பட்டியலிலும் இடம் பெற்றது. வருபவர் படகேறிச் சுற்றிப் பார்த்துவிட்டுச் சிதம்பரம் திரும்புகின்றனர். பரங்கிப்பேட்டையின் கடைத்தெருவைப் பார்ப்பவர் எத்தனை பேர்?

உப்பும் நன்னீரும் அளவோடு கலந்தால்தான் கடற்காடு தழைக்கும். நன்னீரோ மேட்டு நாட்டிலிருந்து வரவேண்டும். கல்வராயன் மலையில் மரம் குறைந்தால் ஓடையும் குறையும். ஓடை குறைந்தால் கழிமுகத்தில் உப்பு மேலோங்கும். அம்மலை வாசிகளின் நிலைமையோ இன்னும் பரிதாபகரமானது. தேசம் சுதந்திரமடைந்து ஏறக்குறைய முப்பது வருஷங்கள் சென்ற பிறகே, 1976-இல், அவர்கள் ஜாகீர்தார்களின் பிடியிலிருந்து விடுபட்டனர். கள்ளக்குறிச்சியின் பெயர் 2024 ஜூனில் நாடெங்கும் பரவியது விஷச் சாராயச் சாவுகளாலேயன்றி, மேகம் அருவியின் அழகாலன்று.

மலையை ஒரு இலாகாவும், அணையை மற்றொன்றும், கழிமுகத்தை வேறொன்றும் கவனிக்கும் இம்முறையைச் சர்க்கார் மாற்றவேண்டுமென்பது நமது கோரிக்கை. கல்வராயன் மலையில் காடு வளர்க்கும் வேலை மலை ஜனங்களுக்கே கூலியுடன் கிடைக்கட்டும். கோடையிலும் கழிமுகத்துக்கென்று ஒரு பங்கு நீர் விடப்படட்டும். பரங்கிப்பேட்டையில் உலைகள் இருந்த இடத்தையும் 1781-ஆம் வருஷத்துப் போர்க்களத்தையும் விளக்கிச் சொல்ல உள்ளூர் வாலிபர்களைப் பழக்கினால், பிச்சாவரத்துப் பிரயாணி அவ்வூரிலும் ஒரு பொழுது தங்கிச் செல்வார்.