கால் பங்கு வீடு, முக்கால் பங்கு தோட்டம்

ஒரு மனையில் வீடு கால் பங்கைத் தாண்டக் கூடாது. பர்மிங்காமின் தெற்குப் புறநகரான போர்ன்வில் வளர்ந்தது இந்த விதியை வைத்துத்தான்.

அதன் அருமை புரிய அன்றைய பர்மிங்காம் நகருக்குள் எட்டிப்பார்க்க வேண்டும். முதுகோடு முதுகு ஒட்டி, பின்வாசலோ பின்ஜன்னலோ இல்லாமல் கட்டிய வீடுகள் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் அங்கே 40,000-க்கும் மேல் இருந்தன. ஒரு பக்கம் நுழைந்த காற்று மறுபக்கம் போக வழியில்லை. ஒரே முற்றத்தைச் சுற்றிப் பல குடும்பங்கள்; கழிப்பறையும் துணி துவைக்கும் கொட்டகையும் எல்லாருக்கும் பொது.

சாக்லேட் தயாரித்த ரிச்சர்ட், ஜார்ஜ் காட்பரி சகோதரர்கள் 1879-இல் தொழிற்சாலையை இந்த நெரிசலிலிருந்து வயல்வெளிக்கு மாற்றினார்கள். கால்வாயும் ரயில் நிலையமும் அங்கே ஏற்கெனவே இருந்தன. 1893-இல் ஜார்ஜ் பக்கத்திலேயே 120 ஏக்கர் வாங்கினார். இரண்டு ஆண்டுகளில் அங்கே போர்ன்வில்லின் வீடுகள் எழத் தொடங்கின. தொழிற்சாலை ஊழியர்கள்தான் குடிவர வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. முதல் வீடுகளை 999 ஆண்டுக் குத்தகைக்குக் கொடுத்தார். எடுத்தவர்களில் சிலர் நல்ல லாபத்துக்குக் கைமாற்றிவிடவே, வாடகை முறைக்கு மாறினார்; 1900-இல் ஊர் முழுவதையும் ஓர் அறக்கட்டளையிடம் ஒப்படைத்தார். அவர் செய்தவற்றில் மிகப் பெரியது இதுதான் என்பேன். நிலம் ஒரு குடும்பத்தின் சொத்தாகவே இருந்திருந்தால், அடுத்த தலைமுறை அந்த முக்கால் பங்கிலும் கட்டடம் எழுப்பியிருக்கலாம்.

தெருவின் அகலம் 42 அடி. வீடுகள் தெருவிலிருந்து 20 அடி தள்ளி நின்றன. குடிவருவதற்கு முன்பே தோட்டத்தைக் கொத்திப் பண்படுத்தி, கோடியில் ஆப்பிள், பேரி மரங்களை நட்டுவைத்தார்கள். பழமும் கிடைத்தது, பின்வீட்டுக்காரர் பார்வைக்கு மறைப்பும் ஆயிற்று.

சிறிய வீடுகளில் குளியலறைக்கு இடமில்லை. வடிவமைத்த டபிள்யூ. ஏ. ஹார்வி அப்போது இருபதுகளில் இருந்த இளைஞர். குளியல் தொட்டியைச் சமையலறைக்கே கொண்டுவந்துவிட்டார். சில வீடுகளில் தொட்டி தரைக்குள் புதைந்திருக்கும். மேலே மூடியைப் போட்டால் வழக்கம்போல் நடமாடலாம். சிலவற்றில் தொட்டியை நிமிர்த்தி அலமாரிக்குள் சாத்திவிடலாம். அடுப்பு அங்கேயே இருப்பதால் வெந்நீர் தூக்கி நடக்க வேண்டியதில்லை. பொதுக் குழாயில் வரிசையில் நின்று பழகிய குடும்பத்துக்கு இது எவ்வளவு பெரிய விடுதலை!

வீட்டுக்கு வீடு தொட்டி என்றால் தண்ணீர் எங்கிருந்து வரும்? பர்மிங்காம் இருப்பது மேட்டு நிலம்; பெரிய ஆறு கிடையாது. மாநகராட்சி வேல்ஸ் மலைகளை நாடியது. எலன் பள்ளத்தாக்கில் மழை அதிகம், பாறை நீரை உறிஞ்சாது, எல்லாவற்றுக்கும் மேலாக இடம் நகரத்தைவிட உயரம். பொறியாளர் ஜேம்ஸ் மேன்செர்க் அங்கே அணைகள் கட்டி, 118 கிலோமீட்டர் நீர்வழி அமைத்தார், 1904-இல் திறப்புவிழா. அவ்வளவு தூரத்துக்கும் மொத்தச் சரிவு சுமார் 52 மீட்டர்தான், ஏறத்தாழ 2,300 அடிக்கு ஓர் அடி. பம்பு ஒன்றுகூட இல்லை. குறுக்கே பள்ளத்தாக்கு வந்தால் நீர் மூடிய குழாய்க்குள் இறங்கி, எதிர்க்கரையில் தானாக ஏறிவிடும். ஏறும் முனை இறங்கிய முனையைவிடச் சற்றே தாழ்வாக இருப்பதால், பின்னாலிருக்கும் நீரின் எடையே தள்ளிவிடுகிறது. ஆள் நடக்கும் வேகத்தைவிடவும் மெதுவாக வரும் தண்ணீர், ஒன்றரை நாளில் போர்ன்வில்லுக்குச் சில மைல் மேற்கே உள்ள ஃபிராங்க்லி நீர்த்தேக்கத்தை அடைகிறது. நூறாண்டு கடந்தும் இந்த ஏற்பாடு இயங்குகிறது.

அந்த அணைகளுக்காக எலன் பள்ளத்தாக்கில் சுமார் நூறு பேர் வீடுகளைக் காலி செய்தார்கள். ஒரு தேவாலயமும் பள்ளிக்கூடமும் நீரில் மூழ்கின. இழப்பீடு நிலச் சொந்தக்காரர்களுக்கு மட்டுமே கிடைத்தது. அந்த மண்ணில் வாடகைக்குக் குடியிருந்தவர்களுக்கு எதுவும் கொடுக்கவில்லை.