இரும்புத் தூசி பறக்கும் ஊரில் வீட்டு டிரெட்மில்: பராமரிப்பு எப்படி?



சர்க்கரை, பிரஷர் என்று டாக்டரிடம் போனால் தவறாமல் கிடைக்கும் அறிவுரை, "தினமும் நடங்கள்" என்பதுதான். கும்மிடிப்பூண்டி சிப்காட்டைச் சுற்றிக் குடியிருப்பவர்கள் எங்கே நடப்பது? கொல்கத்தா நெடுஞ்சாலையில் லாரிகள், உள்சாலைகளில் உருக்காலைப் புகை. ஃபஜ்ர் தொழுதுவிட்டு ஆண்களாவது ஒரு சுற்று போய் வருகிறார்கள். பெண்களுக்கு அதுவும் வாய்ப்பதில்லை. பெரியவர்களுக்கு வாரத்தில் குறைந்தது 150 நிமிட மிதமான உடற்பயிற்சி வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதை வீட்டுக்குள்ளேயே முடிக்கத்தான் பலரும் டிரெட்மில் வாங்குகிறார்கள். சில மாதங்களில் அது புர்கா காயப்போடும் கொடியாகிவிடுகிறது என்றால் சோம்பல் மட்டுமே காரணமல்ல. இயந்திரம் திணற ஆரம்பித்ததும் ஆசை விட்டுப்போகிறது. அத்தனை பணம் கொடுத்து வாங்கியதை அப்படி விடுவது வீண்விரயம்தானே!

திணறல் எங்கிருந்து வருகிறது? நாம் மிதிக்கும் பெல்ட், அடியில் உள்ள பலகையின் மேல் உரசிக்கொண்டே ஓடுகிறது. இரண்டுக்கும் நடுவில் வழுவழுப்பு குறைந்தால் மோட்டார் அதிக மின்சாரம் இழுக்கும், சூடாகும். கடைசியில் கண்ட்ரோலர் போர்டு எரியும். போர்டு மாற்றும் செலவோடு ஒப்பிட்டால் எண்ணெய்ச் செலவு ஒன்றுமே இல்லை. பிளக்கைப் பிடுங்கிவிட்டு பெல்ட்டின் அடியில் கைவிட்டுத் தடவிப் பாருங்கள். வறண்டிருந்தால் சிலிக்கான் ஆயில் விட வேண்டும். அளவும் இடைவெளியும் கையேட்டில் இருக்கும். விட்ட பிறகு யாரும் ஏறாமல் சில நிமிடம் மெதுவாக ஓட விடுங்கள். தேங்காய் எண்ணெய், தையல் மெஷின் எண்ணெய், கிரீஸ் எதுவும் கூடாது. அவை தூசியைப் பிடித்துக் களிம்பாக்கும், பெல்ட்டையும் கெடுக்கும். (மாமியார் வீட்டுத் தைலமும் இதில் சேர்த்தி!)

தூசி விஷயத்தில் நம் பகுதி மற்ற ஊர்களைப் போலல்ல. உருக்காலை, ஸ்பாஞ்ச் அயர்ன் ஆலைகளின் தூசியில் இரும்பும் கரியும் கலந்திருக்கும். வீட்டு டிரெட்மில் மோட்டார்கள் பலவற்றில் காந்தம் இருப்பதால் இரும்புத் துகள் அங்கே போய் ஒட்டிக்கொள்ளும். கரித்தூள் மின்சாரத்தைக் கடத்தக்கூடியது, போர்டின் மேல் படிந்தால் ஆபத்து. கையேட்டில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை என்று போட்டிருந்தாலும், ஆலைக்குப் பக்கத்து வீடுகளில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மோட்டார் மூடியைத் திறந்து சுத்தம் செய்வதே நல்லது. பிளக்கைக் கழற்றிப் பத்து நிமிடம் காத்திருந்த பிறகே திறக்க வேண்டும், ஏனெனில் உள்ளே கெபாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும். காய்ந்த பிரஷும் வேக்குவம் கிளீனரும் போதும், ஈரத்துணி வேண்டாம். வாரண்டி காலத்தில் இதைக் கம்பெனி மெக்கானிக்கிடமே விட்டுவிடுங்கள். பழவேற்காடு பக்கம் இருப்பவர்களுக்கு உப்புக்காற்றுத் தொல்லை. ரோலர் முனைகளையும் போல்ட்டுகளையும் வாரம் ஒருமுறை துடைத்தால் துரு அண்டாது.

பெல்ட் ஒரு பக்கமாக ஒதுங்கினால் பின்முனையில் உள்ள இரண்டு போல்ட்டுகளால் சரிசெய்யலாம். இடப்பக்கம் போனால் இடப்பக்க போல்ட்டை வலஞ்சுழியாகக் கால் சுற்று மட்டும் திருப்பி, ஓட்டிப் பார்த்து, தேவைப்பட்டால் இன்னொரு கால் சுற்று. வலப்பக்கம் போனால் வலப்பக்க போல்ட். அவசரப்பட்டு முழுச் சுற்று இறுக்கினால் பெல்ட்டும் பேரிங்கும் சேதமாகும்.

எர்த் உள்ள மூன்று முனை பவர் பிளக்கில் நேரடியாகச் செருகுங்கள், சாதாரண எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஆகாது. வோல்டேஜ் ஏறி இறங்கும் தெருவானால் ஸ்டெபிலைசர் அவசியம். நடக்கும்போது கரண்ட் போனால் கைப்பிடியைப் பிடித்து இறங்கிவிடுங்கள். உளூ செய்த ஈரக்காலோடு ஏறாதீர்கள். துப்பட்டாவின் முனையும் தரை தொடும் அபாயாவும் ரோலரில் சிக்கக்கூடியவை.

குழந்தைகள் உள்ள வீட்டில் இவை எல்லாவற்றையும் விட முக்கியமானது ஒன்று உண்டு. 2009இல் குத்துச்சண்டை வீரர் மைக் டைசனின் 4 வயது மகள், வீட்டு டிரெட்மில்லில் தொங்கிய கயிறு கழுத்தில் சிக்கி இறந்துபோனாள். 2021இல் அமெரிக்காவில் பெலோட்டான் நிறுவனம் ஒரு குழந்தையின் மரணத்துக்குப் பிறகு சுமார் 1,25,000 டிரெட்மில்களைத் திரும்பப் பெற்றது. அங்கே ஆபத்தாக இருந்தது பின்பக்கம். ஓடும் பெல்ட் பிள்ளைகளை அடியில் இழுத்துக்கொள்ளும். எனவே பின்னால் ஆறடி இடம் காலியாக இருக்கட்டும். நடக்கும்போது சிவப்புச் சாவியின் கிளிப்பை உடையில் மாட்டிக்கொள்ளுங்கள், விழுந்தால் இயந்திரம் தானே நிற்கும். நடந்து முடித்ததும் பிளக்கைக் கழற்றி, அந்தச் சாவியைக் கயிற்றோடு எடுத்து, பிள்ளைகளுக்கு எட்டாத பீரோவின் மேல்தட்டில் வைத்துவிடுங்கள்.