லேப் குப்பையை அகற்ற இவ்வளவு செலவா? டெல்லி மாயாபுரி சொன்ன பாடம்!

2010 ஏப்ரல். டெல்லி மாயாபுரியில் பழைய இரும்புக் கடைகளில் வேலை பார்த்த சிலர் அடுத்தடுத்து நோய்வாய்ப்பட்டனர். தோல் கறுத்தது, முடி கொட்டியது. மருத்துவமனையில் சேர்த்த பிறகுதான் காரணம் கதிர்வீச்சு என்று தெரிந்தது. அந்த மாத இறுதியில் 35 வயதுத் தொழிலாளி ஒருவர் உயிரிழந்தார்.

கதிர்வீச்சு எங்கிருந்து வந்தது? டெல்லி பல்கலைக்கழக வேதியியல் துறையில் 1985 முதல் சும்மா கிடந்த 'காமா செல்' கருவியிலிருந்து! பிப்ரவரியில் அதைப் பழைய சாமான்களோடு ஏலம் விட்டிருக்கிறார்கள். கடையில் அதைப் பிரித்தபோது உள்ளே இருந்த கோபால்ட்-60 வெளியே வந்துவிட்டது. விதிப்படி அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்துக்குத் தெரிவித்துத்தான் அகற்றியிருக்க வேண்டும்.

காத்திருந்தால் செலவு குறைவு

மாயாபுரியில் சிக்கியது வீரியம் மிக்க பொருள். ஆய்வகங்களில் தினமும் சேர்வதோ கையுறை, டிஷ்யூ பேப்பர், பிளாஸ்டிக் குழாய் போன்ற குறைந்த கதிரியக்கக் கழிவுகள். இவற்றை அகற்றும் செலவு, அவற்றில் ஒட்டியிருக்கும் பொருளின் 'அரை ஆயுளை'ப் பொறுத்தது. அதாவது, கதிரியக்கம் பாதியாகக் குறைய ஆகும் காலம்.

பாஸ்பரஸ்-32க்கு அது சுமார் 14 நாள்தான். பத்து அரை ஆயுள், அதாவது ஐந்து மாதம் பூட்டி வைத்தால் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மிஞ்சும். பிறகு கருவியால் அளந்து பார்த்து, சாதாரணக் குப்பையாக அகற்றலாம். பூட்டிய அறையும் தேதி எழுதிய லேபிளும்தான் செலவு. கார்பன்-14க்கோ அரை ஆயுள் சுமார் 5,730 ஆண்டுகள்! காத்திருந்து பயனில்லை. இரண்டையும் ஒரே பையில் போட்டால், பை முழுவதுக்கும் பெரிய செலவுதான்.

இடமே இல்லாவிட்டால்?

பணம் இருந்தும் சிக்கல் வரலாம். அமெரிக்காவின் பார்ன்வெல் புதைப்பிடம் 2008 ஜூலையில் 36 மாநிலங்களுக்குக் கதவை மூடியது. வீரியம் சற்றுக் கூடிய கழிவுகளைப் பல ஆய்வகங்களும் மருத்துவமனைகளும் தங்கள் கட்டடத்திலேயே வைத்துக் காக்க நேர்ந்தது. 2012-ல் டெக்சாஸில் புதிய இடம் திறந்த பிறகுதான் வழி பிறந்தது.

அதனால்தான் பொருளை வாங்கும்போதே அகற்றும் செலவையும் கணக்கில் சேர்க்க வேண்டும். தேவையான அளவு மட்டுமே வாங்க வேண்டும்.

நாம் கவனிக்க வேண்டியது

பழைய சாமான்களில் மஞ்சள் பின்னணியில் மூன்று இதழ் கொண்ட விசிறி போன்ற சின்னம் தெரிந்தால் தொடாதீர்கள், உடைக்காதீர்கள். தள்ளி நின்று போலீஸுக்குச் சொல்லுங்கள். மாயாபுரியில் ஒரு கடைக்காரர் பளபளத்த கோபால்ட் துண்டைத் தன் பர்ஸிலேயே வைத்திருந்தார். அது என்னவென்று அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.