இல்லங்களில் கம்பியில்லா இணையம்: ரூட்டரை அமைக்கும் முறையும் பழுது அறியும் முறையும்

நமது சங்க அங்கத்தினர்களின் இல்லங்களில் இணைய இணைப்பு இன்று ஆடம்பரப் பொருளன்று. நெசவாளர் தாம் நெய்த சேலையின் படத்தை வெளியூர் வியாபாரிக்கு அனுப்புவதும், விவசாயி சந்தை நிலவரத்தை விசாரித்து அறிவதும், வங்கிக் கணக்கில் பணம் சேர்ந்ததா எனப் பார்ப்பதும், குழந்தைகள் பாடம் கேட்பதும் அதன் வழியாகவே நடைபெறுகின்றன. வியாபாரி படம் கேட்கும் வேளையில் இணைப்பு இல்லாமற் போனால், அந்த ஆர்டர் வேறு ஊருக்குப் போய்விடுகிறது. பழுது இன்னதென்று அறியாமல் புதுப் பெட்டி வாங்குவோரும், தேவையின்றி அதிகக் கட்டணத் திட்டத்துக்கு மாறுவோரும் நம்மிடையே உண்டு. இவ்விரு வகை நஷ்டத்தையும் தவிர்க்கும் பொருட்டு, வீட்டு ரூட்டரைப் பற்றி அங்கத்தினர்கள் அறிய வேண்டிய விஷயங்களை இங்கே தொகுத்துக் கூறுகிறோம்.

பெட்டி செய்யும் வேலை

இப்பொழுது பெரும்பாலான ஊர்களில் இணையம் கண்ணாடி இழையின் வழியே ஒளியாக வருகிறது. அந்த இழையில் ஒளி செல்லும் நடுப்பகுதியின் பருமன் சுமார் 9 மைக்ரான். தலைமயிரைக் காட்டிலும் பல மடங்கு மெல்லியது. வீட்டுச் சுவரில் உள்ள பெட்டி அந்த ஒளியை மின் குறிகளாக மாற்றி, பிறகு ரேடியோ அலைகளாக வீடெங்கும் பரப்புகிறது. சில வீடுகளில் இவ்விரு வேலைகளையும் ஒரே பெட்டி செய்யும். சில வீடுகளில் இரண்டு பெட்டிகள் இருக்கும்.

ரேடியோ அலைகள் 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என இரு பட்டைகளில் செல்கின்றன. முன்னது சுவரைக் கடந்து சற்றுத் தொலைவு செல்லும், வேகம் குறைவு. பின்னது வேகம் மிக்கது. ஆனால் இரண்டு சுவர்களைத் தாண்டுவதற்குள் தளர்ந்துவிடும். வீட்டு ரேடியோவுக்கே லைசென்ஸ் கட்டணம் செலுத்திய காலத்தை மூத்த அங்கத்தினர்கள் அறிவார்கள். 2.4 பட்டையில் குறைந்த சக்தியுள்ள கருவிகளை உரிமம் இன்றி உபயோகிக்க நமது நாட்டில் 2005-ல் விதி செய்யப்பட்டது. எவரும் உபயோகிக்கலாம் என்பதனாலேயே அதில் நெருக்கடியும் அதிகம். நெருங்கிய தெருக்களில் பக்கத்து வீட்டுப் பெட்டியும் நம் பெட்டியும் ஒன்றையொன்று இடைஞ்சல் செய்கின்றன.

வைக்கும் இடம்

கம்பம் எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கத்துச் சுவரிலேயே பெட்டியை மாட்டிவிட்டுப் போவது வழக்கமாகிவிட்டது. இதனால் பாதி அலை தெருவுக்கே போய்விடுகிறது. வீட்டின் நடுப்பகுதியில், ஆள் உயரத்தில் வைப்பதே உத்தமம். இரும்பு பீரோவின் மேலும், தொலைக்காட்சிப் பெட்டியின் பின்னும், தண்ணீர்த் தொட்டியின் பக்கத்திலும் வைக்கலாகாது. இரும்பு அலையைத் தடுக்கிறது. தண்ணீர் அதை உறிஞ்சுகிறது. தகரத் தட்டியும் கான்கிரீட் தளமும் இவ்வாறே. மைக்ரோவேவ் அடுப்பு எரியும்போது 2.4 பட்டையில் இடைஞ்சல் உண்டாகும்.

பெட்டி சூடாகும் இயல்புடையது. அழகுக்காக அதன்மேல் துணி போர்த்துவது கூடாது. தறிக்கூடத்தில் வைத்திருப்போர், காற்றுத் துளைகளில் படியும் பஞ்சுத் தூசியை உலர்ந்த தூரிகையால் அவ்வப்போது நீக்க வேண்டும்.

கண்ணாடி இழையை ஆணி அடித்து நெருக்குவதோ, சிறிய வளையமாகச் சுருட்டுவதோ ஆகாது. மடிந்த இடத்தில் ஒளி வெளியே சிந்திவிடும். இழையின் நுனியைக் கண்ணுக்கு நேரே வைத்துப் பார்க்கவும் கூடாது. அதில் வரும் ஒளி கண்ணுக்குத் தெரியாதது. ஆயினும் தீங்கு செய்யக்கூடியது. குழந்தைகளுக்கு இதை அவசியம் சொல்லி வைக்க வேண்டும்.

வீட்டின் பின்புறத்தில் தனியே தறிக்கூடமோ, களத்தில் கொட்டகையோ உள்ளவர்கள் என்ன செய்வது? பெட்டியிலிருந்து கேபிள் இழுத்து, அங்கே இரண்டாவது கம்பியில்லாப் பெட்டி ஒன்றை வைப்பதே நிலையான வழி. இத்தகைய கேபிளை ஒரே வீச்சில் 100 மீட்டர் வரை கொண்டு செல்லலாம். அலையை வாங்கி மீண்டும் அனுப்பும் சிறு கருவிகளும் கடைகளில் கிடைக்கின்றன. அவை விலை மலிவானாலும், சாதாரணமானவற்றில் வேகம் பாதியளவுக்குக் குறைந்துவிடுவதுண்டு.

முதல் நாளில் செய்ய வேண்டியவை

பெட்டியின் அடியில் ஒட்டியுள்ள சீட்டில் இணைப்பின் பெயரும், கடவுச்சொல்லும், நிர்வாகப் பக்கத்தின் முகவரியும் இருக்கும். அம்முகவரி பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1 என்பதாகும். கைப்பேசியைப் பெட்டியின் அலையோடு இணைத்து, இந்த எண்களை உலாவியில் இட்டால் பெட்டியின் அமைப்புப் பக்கம் திறக்கும். அங்கே செய்ய வேண்டியவை நான்கு.

முதலாவது, நிர்வாகக் கடவுச்சொல்லை மாற்றுதல். ஆலையிலிருந்து வரும் சொல்லைப் பலரும் அறிவார்கள். இரண்டாவது, இணைப்புக்குப் புதுப் பெயரும் புதுக் கடவுச்சொல்லும் கொடுத்தல். பெயரில் கதவு எண்ணையும், கடவுச்சொல்லில் தொலைபேசி எண்ணையும் இடுவது பிசகு. கடவுச்சொல் குறைந்தது 8 எழுத்துக்கள் இருக்க வேண்டும். 12-க்கு மேல் இருப்பின் நன்று. மூன்றாவது, பாதுகாப்பு முறையில் டபிள்யூ.பி.ஏ. 2 அல்லது டபிள்யூ.பி.ஏ. 3 என்பதைத் தெரிந்தெடுத்தல். டபிள்யூ.இ.பி. என்ற பழைய முறை எளிதில் உடைபடுவது, அது வேண்டாம். நான்காவது, விருந்தினருக்கெனத் தனி இணைப்பு அமைக்கும் வசதி இருப்பின் அதை உபயோகித்தல். வருவோர் போவோருக்கெல்லாம் வீட்டின் சொந்தக் கடவுச்சொல்லைக் கொடுக்கும் அவசியம் இதனால் நீங்கும்.

இவ்வளவு ஜாக்கிரதை எதற்கு என்று சிலர் கேட்கலாம். 2008 ஜூலையில் அகமதாபாத்தில் குண்டுகள் வெடித்த சமயம், அதற்குப் பொறுப்பேற்று அனுப்பப்பட்ட மின்னஞ்சல் நவி மும்பையில் உள்ள ஒரு வீட்டின் பூட்டப்படாத கம்பியில்லா இணைப்பின் வழியே சென்றது. அந்த வீட்டுக்காரர் விசாரணைக்கு உள்ளாக நேர்ந்தது. இணைப்பு எவர் பெயரில் இருக்கிறதோ அவரையே முதலில் கேட்பார்கள் என்பதை மறக்கலாகாது.

பழுதைத் தேடும் முறை

கடைமடை வயலுக்குத் தண்ணீர் வரவில்லையென்றால் விவசாயி கிணற்றைக் குறை கூறுவதில்லை. மோட்டார் ஓடுகிறதா, வாய்க்கால் உடைந்ததா, மடை அடைபட்டதா என்று வரிசையாகப் பார்த்துக்கொண்டே போகிறார். இணையப் பழுதையும் அவ்வாறே தேட வேண்டும்.

1. விளக்கே எரியவில்லையென்றால் மின்சாரத்தையும் அடாப்டரையும் பாருங்கள். பெட்டி அடிக்கடி தானே அணைந்து எழுந்தால், அடாப்டர் தளர்ந்திருக்கலாம். மாற்றும்போது வோல்ட் அளவு பெட்டியில் அச்சிட்டபடியே இருக்க வேண்டும். ஆம்பியர் அளவு அதற்குக் குறையலாகாது.

2. எல்.ஓ.எஸ். என்ற விளக்கு சிவப்பாக எரிந்தால் ஒளி வந்து சேரவில்லை என்று பொருள். இழை சரியாகச் செருகப்பட்டிருக்கிறதா, எங்கேனும் மடிந்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். இல்லையேல் பழுது வெளியே உள்ளது. பெட்டியை எத்தனை தடவை அணைத்துப் போட்டாலும் பயனில்லை. கம்பெனிக்குத் தெரிவிக்க வேண்டும்.

3. பி.ஓ.என். விளக்கு பச்சையாக நிலைத்து எரிந்தும் இணையம் இல்லையென்றால், கட்டணத் தவணை முடிந்ததா என்று பாருங்கள். பிறகு பெட்டியை அணைத்து, ஒரு நிமிஷம் பொறுத்துப் போடுங்கள்.

4. ஒரு கைப்பேசியில் மட்டும் வரவில்லையென்றால் குறை அந்தக் கைப்பேசியில்தான் இருக்கக்கூடும். அதில் இணைப்பை நீக்கிவிட்டு, கடவுச்சொல்லை மீண்டும் இட்டுச் சேருங்கள். கணிப்பொறியில் 169.254 என்று தொடங்கும் முகவரி தெரிந்தால், பெட்டி அதற்கு முகவரி வழங்கவில்லை என்று அறியலாம்.

5. பெட்டியின் அருகே வேகமாகவும் உள்ளறையில் மந்தமாகவும் இருந்தால், அது இடத்தின் குறை. பெட்டியை இடம் மாற்றுங்கள். அல்லது அந்த அறையில் 2.4 பட்டையை உபயோகியுங்கள்.

6. அருகிலும் மந்தமாக இருந்தால், கேபிள் மூலம் கணிப்பொறியை இணைத்து வேகத்தை அளந்து பாருங்கள். கேபிளில் வேகம் சரியாக இருப்பின் அலை நெருக்கடியே காரணம். 2.4 பட்டையில் 1, 6, 11 ஆகிய சேனல்கள் ஒன்றோடொன்று கலவாதவை. அவற்றுள் ஓய்வானதைத் தெரிந்தெடுக்கலாம். அமைப்புப் பக்கத்தில் இணைந்துள்ள கருவிகளின் ஜாபிதா இருக்கும். அறியாத கருவி இருந்தால் கடவுச்சொல்லை உடனே மாற்றிவிடுங்கள்.

வேகக் கணக்கிலும் ஒரு தெளிவு வேண்டும். கம்பெனி கூறும் 100 மெகாபிட் என்பது ஒரு வினாடிக்கு 12.5 மெகாபைட் ஆகும். எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட். இதை அறியாமல் ஏமாந்துவிட்டதாக எண்ணுவோர் பலர்.

பெட்டியின் பின்புறம் ஊசித் துளை ஒன்று இருக்கும். அதைச் சில வினாடிகள் அழுத்தினால் எல்லா அமைப்புகளும் அழிந்து, பெட்டி புதிதாய் வந்த நிலைக்குத் திரும்பும். கம்பெனி கொடுத்த பயனர் பெயரும் அழிந்துபோகும். அதை எழுதி வைத்துக்கொள்ளாதவர்கள் அத்துளையைத் தொடாதிருப்பதே நலம்.

மின்வெட்டும் இடியும்

மின்சாரம் நின்றாலும் கண்ணாடி இழையில் ஒளி பெரும்பாலும் வந்துகொண்டுதான் இருக்கும். ரூட்டருக்கென்றே விற்கும் சிறு மின்கலப் பெட்டியை வாங்கி வைத்தால் இணைப்பு சில மணி நேரம் நிற்கும். அதுவும் அதே வோல்ட் அளவினதாக இருக்க வேண்டும். இடி மின்னல் வருவதற்கு முன்பே அடாப்டரைப் பிடுங்கிவிடுங்கள். ஸ்விட்சை மட்டும் அணைப்பது போதாது.

புகார் செய்யும்போது

எந்த விளக்கு எந்த நிறத்தில் எரிகிறது, எப்பொழுதிலிருந்து பழுது என்பதைக் குறித்துக்கொண்டு பேசினால் வேலை விரைவில் முடியும். புகார் எண்ணைக் கேட்டு எழுதிக்கொள்வது அவசியம். குறை தீராவிடில் கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் செல்ல 2012-ஆம் ஆண்டின் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை விதிகள் உரிமை அளிக்கின்றன. அதற்குப் புகார் எண்ணே ஆதாரம்.

ஒவ்வொரு தெருவிலும் இவற்றைக் கற்றறிந்த வாலிபர்கள் இருவர் இருந்தால், அண்டை வீட்டாரின் சிறு பழுதுகளை அன்றே தீர்த்துவிடலாம். அடுத்த அங்கத்தினர் கூட்டத்தில் ஒரு பெட்டியை மேஜைமீது வைத்து இவ்விஷயங்களைச் செய்து காட்ட ஒவ்வொரு சங்கமும் ஏற்பாடு செய்தல் நன்று. இணைப்புக்கு நாம் மாதந்தோறும் கொடுப்பது உழைத்துச் சம்பாதித்த பணம். அதற்கு முழுப் பயனையும் அடைவது நமது கடமை.