புயலைக் குறித்துவைக்கும் மிதவை

காசிமேட்டுக்குப் பக்கத்தில், சென்னைத் துறைமுகத்திலிருந்து ‘சாகர் நிதி’ என்ற ஆராய்ச்சிக் கப்பல் வங்கக் கடலுக்குப் புறப்படும். பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனத்தின் கப்பல் அது. ஆழ்கடலில் தரவு மிதவைகளை நங்கூரமிட்டு நிறுத்துவதும், பழுதானவற்றை மீட்டு வருவதும் அதன் வேலைகளில் ஒன்று.

மிதவையின் உச்சியில் காற்றின் வேகம், காற்றழுத்தம், ஈரப்பதம் ஆகியவற்றை அளக்கும் கருவிகள் இருக்கும். ‘ஓம்னி’ வகை மிதவையில் 500 மீட்டர் ஆழம் வரை நீரின் வெப்பமும் உப்பும் அளக்கப்படும். நடுவே நீர்புகாத கூட்டுக்குள் ஒரு சிறு கணினி. சோலார் பலகை பேட்டரியை நிரப்ப, பேட்டரி கணினியை ஓட்டுகிறது. கணினி அளவுகளைத் தன்னிடம் பதிந்துகொண்டு, செயற்கைக்கோள் வழியே கரைக்கும் அனுப்புகிறது. புயல் எச்சரிக்கைக்கு இவை அடிப்படையான தகவல்கள்.

சிக்கல் புயலின்போதுதான் வருகிறது. நாள்கணக்கில் மேகம் மூடினால் பலகையில் போதிய மின்சாரம் ஊறாது. அலையில் மிதவை சாய்ந்தாடும்போது செயற்கைக்கோள் தொடர்பும் அறுபடலாம். பதிவு மிகவும் தேவைப்படும் நேரமும், கணினி மிகவும் பலவீனமாக இருக்கும் நேரமும் ஒன்றே.

மெமரி கார்டில் எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் நின்றால், அந்த வரி மட்டும் போகும் என்று நினைப்போம். அப்படியல்ல. எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்று காட்டும் அட்டவணை சிதைந்தால், மாதக்கணக்கான பதிவுகளைத் திறக்கவே முடியாமல் போகலாம். இடத்தைச் சீர்செய்ய கார்டு பழைய தரவுகளைத் தானாகவே இடம் மாற்றுவதும் உண்டு. அந்த நொடியில் மின்சாரம் நின்றால் பழையவையும் கெடலாம்.

இதைத் தடுக்க, தனித்து இயங்கும் கணினிகளில் சில ஏற்பாடுகள் செய்கிறார்கள். 12 வோல்ட் ஈய-அமில பேட்டரி சுமார் 11.5 வோல்ட்டுக்கு இறங்கியதும் கணினிக்கு முன்னறிவிப்பு வரும். அது கோப்புகளை மூடிவிட்டு உறங்கும். பேட்டரி நன்றாகத் தேறிய பிறகே எழும். இல்லாவிட்டால் விழுவதும் எழுவதுமாகவே பொழுது போகும். திடீரென மின்சாரம் அறுந்தால், சில நொடிகள் தாங்க ஒரு மின்தேக்கி. கணினி உறைந்து நின்றுவிட்டால், அதைத் தட்டி எழுப்ப ஒரு தனிக் கடிகாரச் சுற்று.

பதியும் முறையிலும் ஒழுங்கு வேண்டும். நல்ல கணக்குப்பிள்ளை பழைய வரியை அழித்து எழுதமாட்டார்; அடுத்த வரியில்தான் எழுதுவார். கணினியும் அப்படியே பதிய வேண்டும். ஒவ்வொரு வரியிலும் நேரமும், பிழை கண்டுபிடிக்கும் சோதனை எண்ணும் இருந்தால், கெட்ட வரியை மட்டும் ஒதுக்கிவிட்டு மற்றவற்றை நம்பலாம். இயங்கு நிரல் இருக்கும் பகுதியை, யாரும் எழுத முடியாதபடி பூட்டிவைப்பார்கள். கரைக்கு அனுப்பியதாலேயே உள்ளே இருக்கும் பிரதியை அழிப்பதில்லை. தொடர்பு அறுந்த மணி நேரங்களின் பதிவு அதில்தான் இருக்கும்; கப்பல் வந்து மீட்கும்போது கிடைக்கும்.

மனிதர்களின் துணையும் தேவை. மிதவையின் நிழலில் மீன் கூடும் என்பதால் படகுகள் அதைத் தேடி வரும், அதில் கயிறு கட்டும். அந்த இழுவையில் கம்பிவடமும் கருவிகளும் சேதமாகின்றன. ஆனால், கடலுக்குப் போகலாமா என்று அறிய விசைப்படகுக்காரர் கேட்கும் அறிவிப்புக்குள் அந்த மிதவையின் அளவுகளும் இருக்கின்றன. நிறுவனத்தார் மீனவர்களிடம் பேசி இதை விளக்கிவருவது, நிரல் எழுதுவதற்குச் சற்றும் குறையாத பாதுகாப்பு வேலை.

கரைக்கும் இதே பாடம் பொருந்தும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை வெள்ளத்தோடு எண்ணெய்யும் எண்ணூர்க் கழிமுகத்தில் கலந்தது. இப்படிப்பட்ட நேரத்தில் நீரில் என்ன, எப்போது, எவ்வளவு கலந்தது என்பதற்கு உறுதியான பதிவே நியாயம் கேட்பவரின் பலம். ஆகவே எண்ணூரிலோ திருவொற்றியூரிலோ சோலார் கண்காணிப்புக் கருவி வைப்பவர்கள், வெயில் நாளில் அது ஓடுவதைப் பார்த்துத் திருப்தி அடையக் கூடாது. எழுதிக்கொண்டிருக்கும்போதே மின்சாரத்தைத் திரும்பத் திரும்பத் துண்டித்து, பதிவுகள் முழுதாக இருக்கின்றனவா என்று சோதித்த பிறகே அதைக் களத்தில் நிறுத்த வேண்டும்.