கனக்கும் கிளட்ச் பெடல்: கேபிள் மட்டுமா குற்றவாளி?

கிளட்ச் பெடல் ஒரே நாளில் கனத்துவிடுவதில்லை. மாதக்கணக்கில் சிறிது சிறிதாக அது இறுகி வருவதால் அன்றாடம் அதே காரை ஓட்டுபவரின் கால் அந்தக் கனத்துக்குப் பழகிவிடுகிறது. வேறொருவர் ஓட்டிப் பார்த்துச் சொல்லும்போதோ, நெரிசலில் ஊர்ந்து வீடு சேர்ந்தபின் இடது முழங்கால் வலிக்கத் தொடங்கும்போதோதான் கோளாறு கவனத்துக்கு வருகிறது. பட்டறையில் முதலில் மாற்றப்படுவது பெரும்பாலும் கேபிள்தான். விலை குறைவு, வேலையும் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும் என்பதால் அதில் தொடங்குவது நியாயமே. ஆனால் சில மாதங்களில் பெடல் மீண்டும் கனத்தாலோ, புதுக் கேபிளே அறுந்தாலோ, கேபிளை அறுக்கும் அளவுக்கு இழுவிசை எங்கிருந்து வருகிறது என்ற கேள்வியை யாரும் கேட்கவில்லை என்றே பொருள்.

1983ஆம் ஆண்டின் இறுதியில் வெளிவந்து 2014 வரை தயாரிக்கப்பட்ட மாருதி 800, அதைப்போலவே 796 சி.சி. எஞ்சினோடு வந்த ஆல்ட்டோ ஆகிய சிறு கார்களில் கிளட்ச் கேபிளால் இயங்குகிறது. பெடலை மிதித்ததும் அதன் மேல்முனை கேபிளை இழுக்க, எஞ்சின் அறைக்குள் செல்லும் அந்தக் கேபிள் கியர் பாக்ஸின் மேலுள்ள ஒரு நெம்புகோலைத் திருப்புகிறது. நெம்புகோலோடு சேர்ந்து திரும்பும் தண்டில் உள்ள ஃபோர்க், ரிலீஸ் பேரிங்கை முன்னே தள்ளி, டயாஃப்ரம் ஸ்பிரிங்கின் விரல்களை அழுத்துகிறது. டயாஃப்ரம் ஸ்பிரிங் என்பது கிண்ணம்போல் சற்றே குழிந்து, நடுவை நோக்கி விரல் விரலாகப் பிளக்கப்பட்ட உருக்குத் தட்டு. கிளட்ச் பிளேட்டை ஃப்ளைவீலோடு அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட்டுக்குப் பின்னிருந்து விசை தருவது இதுவே. அந்தப் பிடி நூற்றுக்கணக்கான கிலோ எடைக்குச் சமமானது என்றாலும், பெடல், நெம்புகோல், ஸ்பிரிங்கின் விரல்கள் ஆகிய மூன்றும் அடுத்தடுத்து விசையைப் பெருக்குவதால், கால் தர வேண்டியது பத்துக் கிலோவை ஒட்டிய அழுத்தமே. ஆக, காலில் உணரப்படும் கனம் இரண்டு பங்குகளால் ஆனது: ஸ்பிரிங்கின் இயல்பான எதிர்ப்பு ஒன்று, வழிநெடுக உராய்வு பிடுங்கிக்கொள்ளும் சுங்கம் மற்றொன்று. எந்தப் பங்கு கூடியிருக்கிறது என்று பிரித்தறிவதில்தான் மெக்கானிக்கின் திறமை வெளிப்படுகிறது.

உராய்வின் பங்கைப் பலர் குறைத்து மதிப்பிடுகிறார்கள். மிரளும் காளையின் கயிற்றை மரத்தில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டால் தனியாள் ஒருவரே அதை நிறுத்திவிட முடிவதற்கு எது காரணமோ, அதுவே உறைக்குள் வளைந்து செல்லும் கேபிளையும் கனக்கச் செய்கிறது. வளைவின் கோணம் கூடக்கூட உராய்வு வெறுமனே கூடுவதில்லை, பெருக்கல் முறையில் ஏறுகிறது. கேபிளின் வளைவுகள் எல்லாம் சேர்ந்து 180 பாகை என்றும், இரு பரப்புகள் ஒன்றையொன்று பற்றும் தன்மையைக் குறிக்கும் உராய்வுக் கெழு 0.1 என்றும் கொண்டால், கியர் பாக்ஸ் முனையில் 10 கிலோ இழுவிசை கிடைக்கப் பெடல் முனையில் ஏறத்தாழ 13.7 கிலோ இழுக்க வேண்டும். உறையின் உட்பூச்சு தேய்ந்தோ துரு ஏறியோ கெழு 0.3 ஆகிவிட்டால் அதே வேலைக்கு 25 கிலோவுக்கு மேல் தேவைப்படும். புதுக் கேபிளைப் பழைய பாதையில் செலுத்தாமல் கைக்கு வாட்டமான இடத்தில் கூடுதலாக ஒரு வளைவு கொடுத்து மாட்டினால் முதல் நாளிலிருந்தே பெடல் கனப்பதும் இதனால்தான்.

சோதனையை நெம்புகோல் பக்கத்தில் தொடங்குவது நல்லது. கேபிள் முனையின் நட்டைத் தளர்த்தி நெம்புகோலிலிருந்து கழற்றியபின் பெடலைக் கையால் அழுத்தும்போதே அது தடைபட்டால் கோளாறு கேபிளிலோ பெடலின் அச்சிலுள்ள புஷ்ஷிலோ இருக்கிறது என்று துணியலாம். தடையின்றி இறங்கினாலோ கேபிள் நலமாக இருக்கிறது என்று உடனே முடிவுகட்டிவிடக் கூடாது. உராய்வு இழுவிசையைப் பொறுத்தே வளர்வதால், சுமையில்லாதபோது வழுக்கி ஓடும் கேபிள் சுமை ஏறியதும் இறுகக்கூடும். கேபிளை வெளியே எடுத்து, காரில் இருந்த அதே வளைவில் பிடித்துக்கொண்டு, ஒருவர் ஒரு முனையை எதிர்த்து இழுக்க மற்றவர் மறுமுனையை இழுத்துப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். பெடலில் கொக்கி மாட்டும் இடத்தில் ஓரிரு இழைகள் பிரிந்து நின்றால் சோதனையே தேவையில்லை, கேபிளை மாற்ற வேண்டியதுதான். உள்ளே பிளாஸ்டிக் குழல் கொண்ட கேபிளுக்கு எண்ணெய் விடும் பழக்கம் இரண்டு வாரம் சுகம் தந்து, பிறகு தூசியைப் பிசின்போல் சேர்த்துவைக்கிறது.

கேபிள் தேறிவிட்டால் அடுத்து நெம்புகோலைக் கையால் அசைத்துப் பார்க்க வேண்டும். ரிலீஸ் பேரிங் ஸ்பிரிங்கின் விரல்களைத் தொடும்வரை அது எளிதாகத் திரும்ப வேண்டும். கிரீச்சிட்டுத் திரும்பினாலோ, விட்ட இடத்திலேயே நின்றுவிட்டாலோ தண்டைத் தாங்கும் புஷ்கள் மழைநீரும் மண்ணும் புகுந்து காய்ந்திருக்கின்றன. நெம்புகோல் எளிதாகத் திரும்பியும் பெடல் கனக்கிறது என்றால் ஐயம் கிளட்சின்மேலேயே திரும்புகிறது.

இங்கேதான் கார் உரிமையாளர்கள் பலர் வாதாடுவார்கள். வண்டி நன்றாக இழுக்கிறது, மேட்டிலும் பிக்கப் குறையவில்லை, பிறகு கிளட்ச் பிளேட் எப்படித் தேய்ந்திருக்கும் என்பது அவர்களது கேள்வி. டயாஃப்ரம் ஸ்பிரிங்கின் விசித்திரக் குணம் அதற்கு விடை தருகிறது. பிளேட்டின் உராய்வுப் பட்டை மெலியும்போது பிரஷர் பிளேட் ஃப்ளைவீலை நோக்கி நகர்கிறது. ஸ்பிரிங்கின் கிடை மாறி, அதன் விசை தொடக்கத்தில் குறைவதற்குப் பதிலாகக் கூடுகிறது. எனவே பிடி நழுவாமலே பெடல் மட்டும் கனக்கும் ஒரு நீண்ட காலம் உண்டு. கூடவே விரல்கள் ரிலீஸ் பேரிங்கை நோக்கிச் சாய்வதால் பெடலின் தொடக்க விளையாட்டு, அதாவது எதிர்ப்பு தொடங்கும்முன் பெடல் வெறுமனே நகரும் தூரம், குறைந்துகொண்டே வரும். பெடல் கனத்திருக்க, அட்ஜஸ்ட் நட்டும் அதன் எல்லைவரை தளர்த்தப்பட்டிருந்தால், கியர் பாக்ஸை இறக்குவதைத் தவிர வேறு வழியில்லை.

இறக்கியபின் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் சேர்த்தே மாற்றுவது செலவைக் கூட்டும் தந்திரம் என்று சிலர் கருதினாலும், பேரிங்குக்காக மட்டும் மறுபடி கியர் பாக்ஸை இறக்க நேர்ந்தால் ஆகும் கூலியை எண்ணிப் பார்த்தால் அது சிக்கனமே. பேரிங் முன்னும் பின்னும் ஓடும் குழாயில் பள்ளம் விழுந்திருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பார்ப்பதும், அதில் வெப்பம் தாங்கும் கிரீஸை மெல்லிய படலமாக மட்டும் தடவுவதும் முக்கியம். அள்ளிப் பூசினால் சுழற்சியில் கிரீஸ் தெறித்துப் புதுப் பிளேட்டில் படியும்.

ஹைட்ராலிக் கிளட்ச் உள்ள கார்களில் கேபிளின் வேலையைத் திரவம் செய்கிறது. பெடல் பக்கம் மாஸ்டர் சிலிண்டரும் கியர் பாக்ஸ் பக்கம் ஸ்லேவ் சிலிண்டரும் இருக்க, இடையில் குழாய் செல்கிறது. குழாயில் காற்று புகுந்தால் பெடல் பஞ்சுபோல் மெத்தென்று இறங்குமே தவிரக் கனக்காது. கனத்து இறங்கி மெதுவாக மேலே வருவது ரப்பர் ஹோஸ் உட்புறமாக உப்பி வழியை அடைத்ததையோ, சீல்கள் ஊதியதையோ காட்டும். பிரேக் ஆயிலுக்குப் பதில் எஞ்சின் ஆயில் ஊற்றப்பட்டிருந்தால் சீல்கள் உறுதியாக ஊதும். ஸ்லேவ் சிலிண்டரைக் கழற்றி வைத்துவிட்டுப் பெடலை மிதித்துப் பார்ப்பது மட்டும் கூடாது, பிஸ்டன் வெளியே துள்ளிவிடும்.

கேபிள் கிளட்சைப் பூட்டி முடித்ததும் தொடக்க விளையாட்டை அந்தக் காரின் கையேடு சொல்லும் அளவுக்கு நட்டால் சரிசெய்து, எஞ்சினை ஓடவிட்டு ரிவர்ஸ் கியர் உரசலின்றி விழுகிறதா என்று பார்க்க வேண்டும். புதுப் பிளேட் தன் இடத்தில் பதியும்போது இந்த அளவு மீண்டும் சிறிது மாறுவதால், முதல் சில நூறு கிலோமீட்டர் ஓடியபின் வண்டியை ஒருமுறை பட்டறைக்குக் கொண்டுவந்து நட்டைச் சரிபார்த்துக்கொள்வது நல்லது.